மக்காச்சோளமும் மூன்று மூட்டைத் தேங்காயும்

ஜனவரி 9, சனி

வெயில். பொட்டுக் காற்றில்லை. பினாங்கு ஜெலுத்தோங் முழுக்கத் துணி காய்கிற நாள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, காலையில் இரண்டு தடவை. பிறகு குளியலறையில் ஆ, ஈ, ஊ. பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளை. என் குரலுக்கு முதல் ரசிகன்.

கழுத்துக் கட்டியை எடுத்து ஏழெட்டு மாதம். கத்தி வைக்கும் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்: குரல் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது, பழைய குரல் வந்தாலும் வரும், வராமலும் போகும். முதலில் வெறும் காற்று. அப்புறம் கரகரப்பு. இப்போது பேச்சு வருகிறது. வீட்டுக்குப் போதும், ஆபீசுக்குப் போதும். மேடைக்கு? வருடா வருடம் பட்டிமன்றத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசின ஆள் நான். இந்தத் தடவை எட்டவில்லை என்றால் மேடைக்கு ஒரு கும்பிடு. முடிவு செய்தாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, பெண்சாதி ராஜேஸிடம்கூட.

மாலை தமிழ் மன்றத்தில் கூட்டம். தைப்பூசத்துக்கு முந்திய சனிக்கிழமை பட்டிமன்றம், வழக்கம்போல். தலைவர் சிவபாலன் பல் டாக்டர், நடுவரும் அவரே. பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு வந்திருந்தார். அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து சாராயம் மாதிரி ஒன்று வடித்துக் காருக்கு ஊற்றுகிறார்களாம். அதற்கு அரசாங்க மானியமாம். இங்கேயும் செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, டீசல் ஆக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஆகவே தலைப்பு: 'விளைச்சலை எரிபொருள் ஆக்குவதற்கு அரசு மானியம் தரலாமா, கூடாதா?'

பின்னால் ஒரு குரல்: "இதுக்கு யாரு வருவா? கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னு வச்சா ஹால் நெறையும்லா."

தலைவர் காதில் விழாத மாதிரி இருந்தார். பல் பிடுங்கிப் பழகியவர், முனகலுக்கு அசையமாட்டார்.

ஒரு பேச்சாளர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ராஜேஸைக் கேட்டார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சரி என்றுவிட்டாள். பிறகு வழக்கமான சீட்டுக் குலுக்கல். எடுத்த கட்சியைப் பேசித்தான் ஆக வேண்டும், மாற்றிக்கொள்ள முடியாது. எனக்குத் 'தரலாம்'. அவளுக்குத் 'தரக்கூடாது'. அவள் அணிக்குத் தலைவர் ஹமீது அண்ணன், சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். என் அணிக்கு நான், கூட இன்சூரன்ஸ் சுப்ரா.

கோழித் தீனி மில்லில் தலைமை கிளார்க் நான். மக்காச்சோளத்தைக் காருக்கு ஊற்றச் சொல்லி நான் பேசணும். முருகா.

பஸ்ஸில் வரும்போது ஒப்பந்தம்: பட்டிமன்றம் முடியும்வரை வீட்டில் சோளப் பேச்சு கிடையாது.

ஜனவரி 11, திங்கள்

ஃபெரியில் கூட்டம் குறைவு. பாலம் வந்த பிறகு கார்க்காரர்கள் கண்ணில் படுவதில்லை. எனக்கு ஃபெரிதான். மேல் தளம், கடல் காற்று, ஒரு கோப்பி.

அக்கரையில் பிறை ஊரில், மில் வாசலில் இறங்கும்போதே சோள வாசனை. வெயிலில் காய்ந்த மூட்டை, கொஞ்சம் தூசி, கொஞ்சம் இனிப்பு. வீட்டுக்குப் போனாலும் சட்டையில் நிற்கும். ராஜேஸ் அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பாள்.

சீன முதலாளி கூவுக்கு விஷயம் எட்டிவிட்டது. உனக்குச் சம்பளம் தருவது நானா, அமெரிக்காவா என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். அங்கே விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுத்துச் சோளம் போடச் சொன்னது, நமக்கு மலிவாக வந்தது, அது நல்ல காரியம். இப்போது அதே சோளத்தைக் கார் எண்ணெய் ஆக்கப் பணம் கொடுக்கிறது, விலை ஏறும், அது கொள்ளை. இது அவர் கட்சி.

குறித்துக்கொண்டேன். அதே அரசாங்கம், அதே சோளம். நம் மூட்டைக்குள் வந்தால் நல்ல மானியம், அடுத்தவன் டாங்கிக்குள் போனால் கெட்ட மானியம். முதல் பாயிண்ட் கிடைத்தது. கொடுத்தது முதலாளி. நன்றி சொல்ல முடியாது.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். அரை நாள் லீவு. சிமெண்டு முற்றத்தில் மண் அடுப்பு, புகை கண்ணைப் பிடுங்கியது. பால் பொங்கும்போது மூடியைத் தூக்கக் கை போனது. ராஜேஸ் அதட்டினாள்: "விடுங்கோ. வழியத்தான் வேணும்."

அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது என்னவோ பினாங்கு ஆஸ்பத்திரியில். எனக்குப் 'பேசுறது', அவளுக்குக் 'கதைக்கிறது'. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் தாண்டியும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பால் வழிந்து நெருப்பில் விழுந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நல்ல பால், காசு கொடுத்து வாங்கினது, அடுப்புக்குள் போகிறது, நாம் கைதட்டுகிறோம். இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. சர்க்கரைப் பொங்கல் இரண்டு கிண்ணம். அப்புறம் தூக்கம்.

கோலாலம்பூரிலிருந்து மாலதி போன். பயிற்சி முடித்துவிட்டு ஆசிரியர் போஸ்டிங்குக்குக் காத்திருக்கிறாள் மகள். இன்னும் வரவில்லையாம். "அப்பா, உங்க குரல் போன்ல பழைய மாதிரி கேக்குது" என்றாள். பொய்யாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

ஜனவரி 17, ஞாயிறு

பசார், காய்கறிச் சந்தை. வாங்கியவை: கத்தரிக்காய், கெம்போங் மீன், பச்சை மிளகாய், கறிவேப்பிலை (இனாம்). மறந்தது: புளி. திட்டு வாங்கியது: புளிக்கு.

தேங்காய்க்கார ஆ செங் கூப்பிட்டான். தேர் நாளுக்கு உன் பெண்சாதி மூன்று மூட்டை சொல்லியிருக்கிறாளே, வீட்டுக்கு அனுப்பவா, ரோட்டுக்கே கொண்டுவரவா என்றான். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, ரோட்டுக்கே என்று சொன்னேன்.

மூன்று மூட்டை. ஏதோ நேர்ந்திருக்கிறாள். நேர்த்தியை நிறைவேறுமுன் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம், கேட்கவும் கூடாது. மாலதி போஸ்டிங்காகத்தான் இருக்கும். வேறென்ன? போஸ்டிங் வரட்டும். பிள்ளை பாவம்.

ஆ செங் கடைக்குப் பின்னால் லாரியிலிருந்து தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலை மாதிரி. அவ்வளவும் தைப்பூசத்துக்கு முந்தின நாள் தேருக்கு முன்னால் வீதியில் உடைக்க. சீனர்களும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். அப்போதுதான் பொறி தட்டியது. தின்கிற பொருளை எரிக்கலாமா என்று எதிர்க்கட்சி கேட்கும். கேட்கட்டும். விளக்கில் எண்ணெய் எரிக்கிறோம், ஹோமத்தில் நெய் விடுகிறோம், பாலைப் பொங்கி வழியவிடுகிறோம், பினாங்கு வீதியில் முழங்கால் உயரத்துக்குத் தேங்காய் சிதறுகிறது. வீண் என்று யாராவது சொன்னோமா? வேண்டிய காரியத்துக்குச் செலவழித்தால் வீண் இல்லை. நாட்டுக்குச் சொந்த எரிபொருள் வேண்டிய காரியமா இல்லையா, அதை மட்டும் பேசு.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். மோட்டார்காரன் ஹாரன் அடித்தான்.

இத்தனை வருடமும் என் பாயிண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓட்டை பார்ப்பவள் ராஜேஸ். ஓட்டை இல்லாததுதான் மேடைக்குப் போகும். இதை அவளிடம் காட்ட முடியாது. முதல்முறையாக ஓட்டை பார்க்காத பாயிண்ட். கொஞ்சம் பயம், கொஞ்சம் திமிர்.

ஜனவரி 20, புதன்

ஃபெரி மேல் தளத்தில் யாரும் இல்லாத மூலையில் பேசிப் பார்த்தேன். ஆரம்பம் நன்றாக வந்தது. 'நடுவர் அவர்களே' என்று தூக்கும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை. அதேதான். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. நாள் முழுக்க மனசு சரியில்லை.

திரும்பும்போது ஹமீது அண்ணன் கடை. எதிரணித் தலைவர் என்று பார்க்காமல் இஞ்சி போட்ட தேநீர் கொண்டுவரச் சொன்னார், தொண்டைக்கு நல்லதாம். கோழிக் குழம்பை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கட்சி பேசினார்.

"தீனி வெல ஏறுனா கோழி வெல ஏறும். நான் துண்ட சின்னதா வெட்டுவேன். திங்கிறவன் என்னத்தான் ஏசுவான் தம்பி, அமெரிக்காவ இல்ல."

அவசரமாகத் தேநீரைக் குடித்தேன். நல்ல வேளை, இது வெறும் கடை, மேடை இல்லை. காசு வாங்க மாட்டேன் என்றார். மேடைக்கு முன்னால் எதிரியிடம் லஞ்சம் வாங்கக் கூடாது என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, ஞாயிறு

புழுக்கம். விசிறி கிரீச் என்கிறது, எண்ணெய் போட வேண்டும்.

சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராஜேஸ், நடுவில் ஊறுகாய் பாட்டில் எல்லைக்கோடு. ஆளுக்கொரு தாள். நான் எழுதுவதை அவள் பார்க்கவில்லை. அவள் எழுதுவதை நான் பார்க்க முயன்று, கண்ணாடி போடாததால் முடியவில்லை.

திடீரென்று: "இஞ்சாருங்கோ, தீனியில அரைவாசிக்கு மேல சோளம்தானே?"

ஒப்பந்தத்தை நினைவூட்டினேன். இது கட்சி இல்லை, பொது அறிவு என்றாள். பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் வாதாட முடியுமா? ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டாள். கோட்டைக் கதவை நானே திறந்துவிட்ட மாதிரி.

பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன்: தோட்டப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் செம்பனை விலை ஏறினால் சம்பளம் ஏறுகிறதா? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். விலை ஏறினது அந்த வீடுகளுக்குக் கடைசியாகத்தான் தெரியும், இறங்கினது முதலில் தெரியும் என்றாள். என் கட்சிக்கு உதவாத பதில். உண்மையாக இருந்ததால் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள். இப்போதெல்லாம் சனி, ஞாயிறும் வகுப்பு. முன்பு வாரத்தில் இரண்டு நாள்தான். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், வீட்டில் சும்மா இருந்தால் கை துருதுரு என்கிறதாம்.

படுக்கும் முன் உப்புத் தண்ணீர் சுடவைத்து மேசையில் வைத்திருந்தாள். கொப்பளிக்கும்போது கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் நின்றது. நான் முடித்த பிறகுதான் நகர்ந்தது.

ஜனவரி 30, சனி

எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் மாறிப்போகும்.

ஹால் நிறைந்திருந்தது. தலைப்புக்காக இல்லை, புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே என்று ஊர் முழுக்கச் செய்தி. முன் வரிசையில் ஒரு பெண்: "வீட்ல நடக்கிறத இன்னைக்கி மேடையிலயே பாத்துரலாம்." பக்கத்தில் சிரிப்பு.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். எழுந்தேன். 'நடுவர் அவர்களே' சொன்னேன். பிளக்கவில்லை. பழைய குரல் இல்லை, அடியில் ஒரு கரகரப்பு, ஆனால் போய்ச் சேர்ந்தது. பின் சுவரோரம் நின்றிருந்தவர் காதில் கை வைக்கவில்லை, அதைக் கவனித்தேன். அதன் பிறகு பயமே இல்லை. எண்ணெய்க்கு அடுத்தவன் வாயைப் பார்த்து நிற்கும் நாட்டின் கதை, விலை விழுந்தால் விளைச்சலை என்ன செய்வது என்ற கேள்வி, எந்தப் புதுத் தொழிலும் சைக்கிள் பழகும் பிள்ளை மாதிரி, முதலில் பின்னால் ஒரு கை பிடிக்க வேண்டும். முதலாளி கொடுத்த பாயிண்டுக்கு நல்ல சிரிப்பு. கடைசியில் தேங்காய். தேங்காய் என்றதுமே சபை ஒரு பழமொழியை எதிர்பார்த்தது, முகங்களில் தெரிந்தது. நான் சொல்லவில்லை. விளக்கு, ஹோமம், பொங்கல் பால், தேர் வீதி. கைதட்டல் நிற்கவே கொஞ்ச நேரம் ஆனது.

ஹமீது அண்ணன் சின்னதாகிப்போன கோழித் துண்டை விரலால் காட்டினார். அவருக்கும் நல்ல கைதட்டல். சுப்ரா விவசாயிக்கு இன்சூரன்ஸ் விற்றுவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு ராஜேஸ். பச்சைச் சேலை. கையில் தாள், ஆனால் பார்க்கவில்லை. தீனியில் அரைவாசிக்கு மேல் சோளம், அதனால் முட்டை, அதனால் ஏழை வீட்டுக் காலைச் சாப்பாடு, படிப்படியாகக் கணக்கு. மானியம் மில்லுக்குப் போகும், செம்பனை மரத்தடிக்குப் போகாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட கேள்வியையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள்.

அப்புறம் தாளை மடித்தாள். எதிரணித் தலைவர் தேங்காய் பற்றிச் சொன்னார், பதில் சொல்ல வேண்டும் என்றாள். மேடைத் தமிழ் நழுவி அவள் அம்மா வீட்டுத் தமிழ் வந்தது. சொன்னது சொன்னபடி:

"இந்த வருசம் நானும் தேங்காய் உடைக்கப் போறன். மூண்டு மூட்டை. என்ர மனுசனுக்குக் குரல் திரும்பி வரவேணும் எண்டு நேர்ந்தது. வந்திட்டுது, இப்ப நீங்களே கேட்டனீங்கள், அதால இனிச் சொல்லலாம். சனி ஞாயிறு டியூஷன் குடுத்துச் சேர்த்த காசு. நான் ஒருத்தரிட்டயும் மானியம் கேக்கேல்ல. அரசாங்கக் காசில உடைச்சால், இது எனக்கு எவ்வளவு வேணும் எண்டு முருகனுக்கு எப்பிடித் தெரியும்?"

உட்கார்ந்துவிட்டாள்.

மாலதி போஸ்டிங் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். சனி வகுப்பு, ஞாயிறு வகுப்பு, கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம், எல்லாம் எனக்கு.

முடிவுரை என் முறை. எழுந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட இல்லை. எல்லாரும் தொண்டை போய்விட்டது என்று நினைத்தார்கள். எதிர்ப் பெஞ்சில் ராஜேஸ் பாதி எழுந்துவிட்டாள், கை தன் கழுத்தில். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்காகவாவது பேச வேண்டும் என்று தண்ணீரைக் குடித்தேன்.

"நடுவர் அவர்களே, குரல் இருக்கு. பதில்தான் இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்தேன். அப்போது தட்டினார்கள் பாருங்கள், கூரைத் தகடு அதிர்ந்தது.

தீர்ப்பு: தரக்கூடாது. சொந்த நாட்டு எரிபொருள் ஆசைப்படத் தக்கது, ஆனால் யார் காசில், யார் தட்டிலிருந்து என்று கேட்காத மானியம் சொத்தைப் பல்லுக்குத் தங்க மூடி போடுவது என்றார் சிவபாலன். அவருக்கு எல்லாம் பல்தான்.

தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்ததில்லை.

ஜனவரி 31, ஞாயிறு

தூங்கி எழ நேரமாகிவிட்டது. தோசை. ஒப்பந்தம் முடிந்ததால் மேசையில் வெளிப்படையாகச் சோளப் பேச்சு. என் தேங்காய்ப் பாயிண்டில் ஓட்டை இருந்தது, முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள். பாயிண்ட் நல்லது என்றும் சொன்னாள். இரண்டாவதை மெதுவாகச் சொன்னாள்.

விசிறிக்கு எண்ணெய் போட்டேன்.

பிப்ரவரி 1, திங்கள்

தேர் நாள். நல்ல வெயில். லீவு போட்டாயிற்று. முதலாளி கேள்வி கேட்கவில்லை. நான் தோற்ற செய்தி அவருக்குப் பிடித்திருந்தது, ஒரு தட்டு முட்டையே கொடுத்தனுப்பினார்.

தாத்தோ கிராமாட் சாலையோரம், எங்கள் வழக்கமான மரத்தடி. ஆ செங் வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. மூட்டைகளை இறக்கி ரோட்டைக் கழுவினேன். மஞ்சள் தண்ணீர், சூடம், பூ. நேர்த்தி அவளுடையது, அதனால் முதல் தேங்காய் அவள்தான் அடுக்கினாள். வேன் கூலிக்குப் பையிலிருந்து காசை எடுத்தேன். என் கையைப் பிடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள்.

"மானியம் வேண்டாம்."

சரி, உடைக்கவாவது விடு, உன் தோள் தாங்காது என்றேன். யோசித்தாள். உடைப்பது உடம்பு உழைப்பு, அது செல்லும் என்று தீர்ப்பு. முதல் காய் அவள். பிறகு ஆளுக்கொன்றாக. இளநீர் தெறித்து வேட்டி முழுக்க நனைந்தது. ஓடு ஒன்று பறந்து கணுக்காலில் பட்டது, லேசான கீறல். இரண்டாவது மூட்டையில் அவள் கை ஓய்ந்துவிட்டது. மூன்றாவதை நானே உடைத்தேன்.

மேளம் கிட்டே வந்தது. வெள்ளித் தேர் திருப்பத்தில் தெரிந்தது, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தேங்காய். அரோகரா என்று கத்தினேன். பிளக்கவில்லை. இரண்டாவது தடவை, முழுக் குரலில். முன்னால் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜேஸ் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே காதோரம் வந்து சொன்னாள்:

"மெல்லக் கத்துங்கோ. இன்னொரு மூண்டு மூட்டைக்கு என்னட்டக் காசில்ல."